டயருக்குத் தைலம் தடவலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆர்சி கார், அதாவது ரிமோட்டுல ஓட்டற குட்டி ரேஸ் கார் பந்தயம் பத்தி எழுதறப்ப, அமெரிக்காவுல மண் டிராக்ல ஓட்டறவங்க ரேஸுக்கு முன்னாடி டயர்ல ஒரு திரவம் தடவுவாங்க, அதை அங்க சாஸ்னு சொல்லுவாங்கன்னு போற போக்குல ஒரு வரி போட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். மத்த கேள்வி எல்லாம் அடுத்த இதழ்ல.

கேள்வி: சார், நாங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு காலி மனையில செம்மண் டிராக் போட்டு 1/10 பக்கி (நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு அளவு மண் டிராக் கார்) ஓட்டறோம். கார்னர்ல பின்பக்கம் வழுக்கி வண்டி அப்படியே சுத்திடுது. இந்த சாஸ் வாங்கித் தடவினா சரியாகுமா? ஆன்லைன்ல விலை பாத்தா மயக்கமே வருது. (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

வாங்காதீங்க தம்பி. அந்தச் சரக்கு வேலை செய்யற இடமே வேற.

கலிஃபோர்னியா பக்கமெல்லாம் கூரை போட்ட களிமண் டிராக் இருக்கு. களிமண்ணைக் கொட்டி, உருட்டி, அழுத்தி, ஈரம் காயாம பாத்துக்குவாங்க. அது மேல வண்டிங்க ஒரே லைன்ல ஓடி ஓடி, டயர் ரப்பர் தேய்ஞ்சு மண்ணோட மண்ணா ஒட்டிக்கிட்டு, கடைசியில அந்த லைன் மட்டும் கருநீலமா பளபளன்னு ஆயிடும். ப்ளூ க்ரூவ்னு அதுக்குப் பேரு, பெரிய காருங்க ஓடற மண் ஓவல் டிராக்லயும் இதே பேர்தான். அந்த லைன்ல போறப்ப உங்க டயர் மண்ணையே தொடறதில்லை, ஏற்கெனவே ஒட்டியிருக்கற ரப்பர் மேலதான் ஓடுது. அங்க டயர் மேல்தோல் கொஞ்சம் இளகி பிசுபிசுன்னு இருந்தா நல்லாவே பிடிக்கும். சாஸ் பண்றது அவ்வளவுதான், ரப்பருக்குள்ள ஊறி மேல் அடுக்கை லேசா உப்ப வச்சு மென்மையாக்குது.

மண்ணுல டயர் பிடிக்கறது ரெண்டு விதம். ஒண்ணு டயர் பல்லு மண்ணைக் குத்திப் பிடிக்கறது, இன்னொண்ணு ரப்பர் தரையில ஒட்டிப் பிடிக்கறது. சாஸ் ரெண்டாவதுக்கு மட்டும்தான் உதவும். உங்க காலி மனையில மேல புழுதி இருக்கும், அதுல ஒட்டறதுக்குக் கெட்டியா எதுவுமே இல்லை. சாஸ் தடவிட்டு அதுல ஓட்டினா, பாகு ஒட்டின கையை மாவு டப்பாவுல விட்ட கதைதான், ஒரு சுத்து முடியறதுக்குள்ள டயர் முழுக்கப் புழுதி அப்பிக்கிட்டு முன்னைவிட மோசமா வழுக்கும்.

சந்தேகமா இருந்தா டிராக்ல எல்லாரும் போற லைனை உள்ளங்கையால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. கையில பவுடர் வந்தா சாஸை மறந்துடுங்க. கை சுத்தமா இருந்து, தரை கருப்பா மினுக்கி, செருப்பு தேய்ச்சா கீச்சுன்னு சத்தம் வந்துச்சுன்னா அப்ப யோசிக்கலாம்.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். முதல்ல டயரைப் பாருங்க, கிட்டோட வந்த டயர்தானேன்னு நினைக்கறேன். புழுதிக்கு உயரமான பின்னு, அதாவது டயர் மேல நீட்டிக்கிட்டிருக்கற பல்லு, இடைவெளி விட்டு நிக்கற டயர் வேணும், குட்டிக் குட்டிப் பல்லு நெருக்கமா இருக்கறது கெட்டித் தரைக்கு. புது ஜோடியைப் பின்னாடி போடுங்க, பின்னு தேய்ஞ்ச பழசு முன்னாடி போகட்டும், இது ஒண்ணுலயே பாதி சுத்தல் நின்னுடும். டூவீல் டிரைவ் வண்டின்னா பேட்டரியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. அப்புறம் கார்னர் பாதியில ரிமோட்ல வேகம் கூட்டற டிரிகரை முழுசா இழுக்கறதை நிறுத்துங்க, யாரும் ஒத்துக்க மாட்டாங்க ஆனா முக்கால்வாசி பேருக்கு வியாதி இதுதான். இதெல்லாம் பண்ணியும் சரியாகலைன்னா டிராக்குக்குத் தண்ணி தெளிங்க. மண் டிராக்ல தண்ணிக்கு மேல பிடிப்பு தர்ற சரக்கு ஒண்ணும் கிடையாது, அதுவும் இலவசம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவிப் பாக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

தலைக்குத் தடவுங்க.

கேள்வி: நான் வேலை விஷயமா கலிஃபோர்னியாவுல இருக்கேன். பையனைக் கூட்டிக்கிட்டு உள்ளரங்கு களிமண் டிராக்குக்குப் போறோம். அங்க சாஸ் தடவறதை ஆளுக்கு ஒரு மாதிரி பண்றாங்க, ஒருத்தர் நாலு டயருக்கும், ஒருத்தர் பின்னாடி மட்டும், இன்னொருத்தர் முன் டயர்ல பாதி மட்டும். எது சரி? (மென்பொருள் ஊழியர், கலிஃபோர்னியா)

நீங்கதான் சரியான இடத்துல இருந்து கேக்கறீங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல் வேலை டயரைச் சுத்தம் பண்றது. அழுக்கு டயர்ல சாஸ் தடவினா அழுக்குக்குத்தான் சாஸ் போகும். சிம்பிள் க்ரீன் மாதிரி ஒரு கிளீனரை லேசா ஸ்ப்ரே பண்ணி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு துணியில துடைச்சுட்டு முழுசா காய விடுங்க. டயரைத் தண்ணியில முக்காதீங்க, உள்ள இருக்கற ஃபோம் தண்ணி குடிச்சுட்டா அந்த நாள் முழுக்க வீல் பேலன்ஸ் இல்லாம ஆடும்.

அப்புறம் சாஸ். பிரஷ் மூடி வச்ச பாட்டில்னா மெல்லிசா ஒரு கோட்டிங் போதும், சொட்டச் சொட்ட ஊத்தறதுல பிரயோஜனம் இல்லை. தடவிட்டு ஒரு கால் மணி நேரம் ஊற விடணும், பிராண்டுக்குப் பிராண்டு நேரம் மாறும், பாட்டில்ல போட்டிருக்கறதைப் படிங்க. ரேஸுக்கு முன்னாடி மேல ஈரமா மினுக்கிக்கிட்டு இருக்கறதைத் துணியால நல்லா துடைச்சிடணும். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, ஈரத்தோட இறக்கினா முதல் ரெண்டு சுத்து ஐஸ் மேல போற கணக்கா இருக்கும், அதுக்குள்ள ரேஸ் போயிடும். 1/10 எலெக்ட்ரிக்ல மொத்த ரேஸே 5 நிமிஷம்தான்.

முன் டயர் விஷயம். பின்னாடி முழுசா தடவுங்க, அது எப்பவும் முழுசுதான். முன்னாடி எவ்வளவுங்கறது வண்டி நடத்தையைப் பொறுத்தது. வண்டி திரும்பவே மாட்டேங்குது, வெளிப்பக்கமா ஓடுதுன்னா முன்னாடியும் முழுசா தடவுங்க. ஸ்டியரிங்கை லேசா தொட்டாலே வெடுக்குன்னு உள்ள வெட்டுது, பின்னாடி தூக்குதுன்னா முன் டயரோட உள்பாதிக்கு மட்டும் தடவுங்க, இல்ல தடவாமலே விடுங்க. பிடிப்பு ரொம்ப ஜாஸ்தியான நாள்ல வண்டி வழுக்காது, அதுக்குப் பதிலா கார்னர்ல அப்படியே உருண்டு கவுந்துடும். அப்ப முன் டயர் வெளி ஓரத்துல சாஸ் படாம பாத்துக்கறதும், சில பேர் அந்த ஓரத்துல மெல்லிசா சூப்பர் குளூ ஓட்டி ரப்பரைக் கெட்டியாக்கறதும் இதுக்குத்தான். அதனால நீங்க பாத்த மூணு பேர் பண்றதும் சரி, அவங்கவங்க வண்டிக்கு.

ஒண்ணு மட்டும் சொல்றேன், பையன் இப்பதான் ஓட்டப் பழகறான்னா முதல் கொஞ்ச நாள் சாஸே வேண்டாம். டயர் காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவை, சரியா இருந்தாலே போதும், அங்க களிமண்ணுக்குன்னே தனியா விக்கறாங்க, ப்ரோ-லைன் கம்பெனியில எம்சி, ஜேகான்செப்ட்ஸ் கம்பெனியில கோல்டு, சில்வர்னு. அந்த டிராக்ல வழக்கமா ஜெயிக்கறவர் என்ன டயர் போட்டிருக்கார்னு எட்டிப் பாத்து அதையே வாங்குங்க. கேட்டாலே சொல்லிடுவாங்க, இந்த ஹாபியில பெரும்பாலும் நல்ல மனுஷங்கதான். க்ரூவ் நல்லா விழுந்த டிராக்ல பல்லே இல்லாத வழுவழு டயரை மாட்டி ஓட்டறதையும் பாப்பீங்க, பயப்படாதீங்க, பல்லு குத்தறதுக்கு அங்க இளகின மண்ணே கிடையாதே. புது வழுவழு டயர்னா மேல உப்புக் காகிதத்தால லேசா தேய்ச்சுட்டுத்தான் இறக்கணும்.

கேள்வி: என் பையன் அவன் ரூம்ல கார் டயருக்கு ஏதோ தடவறான், வீடு முழுக்க மூட்டுவலித் தைலம் வாசனை அடிக்குது. அவங்க மாமா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து குடுத்த பாட்டில். ஆபத்தா? (இல்லத்தரசி, திருச்சி)

உங்க மூக்கு கரெக்ட்டா சொல்லுதும்மா. அது விண்டர்கிரீன் எண்ணெயா இருக்கணும், அதுல இருக்கற மெத்தில் சாலிசிலேட்தான் நம்ம வீட்டுல இருக்கற நிறைய வலித் தைலத்துலயும் இருக்கு. ரப்பரை இளக்கற குணம் அதுக்கு உண்டு, பழைய பைக் கார்புரேட்டர் ரப்பர் காய்ஞ்சு கட்டையாப் போனா சைலீனோட இதைக் கலந்து ஊற வச்சு மறுபடி மெத்தாக்குவாங்க. பாராகான்னு ஒரு டயர் சரக்கு இந்த வாசனைக்காகவே ஒரு காலத்துல ஆர்சி ரேஸ்ல பிரசித்தம், ஹாலுக்குள்ள நுழையறப்பவே தெரியும்னு சொல்லுவாங்க. இப்ப நிறைய உள்ளரங்கு டிராக்ல வாசனை இல்லாத சரக்கு மட்டும்தான் அனுமதி.

ஆபத்தான்னு கேட்டா, வாசனையைவிட பாட்டில்தான் ஆபத்து. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உள்ள போச்சுன்னா 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை 20க்கு மேல முழுங்கினதுக்குச் சமம். சின்னக் குழந்தைக்கு அது உயிர் போற அளவு. மிட்டாய் வாசனை வேற அடிக்கறதால குழந்தைங்க வாயில வச்சுடும். வீட்டுல சின்னது இருந்தா பாட்டிலைப் பூட்டி வைங்க, யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கறேன்னு கை வைத்தியம் பண்ணாம பாட்டிலையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பையன்கிட்ட சொல்லுங்க, தடவறதை மொட்டை மாடியிலயோ வராந்தாவுலயோ பண்ணச் சொல்லி, கையில நைட்ரைல் கையுறை போட்டுக்கச் சொல்லி. இந்த மாதிரி சரக்குல நிறையதுல பெட்ரோலியக் கரைப்பான் இருக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால ஆர்சி காருக்குப் போடற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை சார்ஜ் போடற மேஜையில இதைத் திறக்கவே கூடாது. மாமாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தீப்பிடிக்கற திரவத்தை ஃப்ளைட்ல கொண்டுவரக் கூடாது.

கேள்வி: அப்ப எங்க ஊர்ல யூகலிப்டஸ் தைலத்தோட விக்கற விண்டர்கிரீன் எண்ணெயை நேரா டயர்ல தடவிடலாமே? வெளிநாட்டு பாட்டில் எதுக்கு? (வாசகர், ஊட்டி)

நீலகிரி மலையிலயே அந்தச் செடி உண்டு, உங்க ஊர்ல கடைக்குக் கடை பாட்டில் அடுக்கி வச்சிருக்காங்க, அதனால கேள்வி வரத்தான் செய்யும். ஆனா நேராத் தடவினா ரப்பர் ஒரே சீரா இளகாது, ஒரு இடம் கொழகொழன்னும் ஒரு இடம் கட்டையாவும் போகும், ரிம்முல ஒட்டியிருக்கற பசையும் விட்டுடும். விக்கற சரக்குல அளவா கரைப்பான் கலந்து மெல்லிசாப் பரவற மாதிரி பண்ணியிருக்காங்க, நீங்க குடுக்கற காசு அதுக்குத்தான். அதைவிட முக்கியம், ஊட்டியில கூரை போட்ட களிமண் டிராக் எங்க இருக்கு? முதல் கேள்வியோட பதிலைப் படிங்க.

கேள்வி: பஞ்சர் ஒட்டற சொல்யூஷன், பெட்ரோல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில்னு எங்க ஏரியா பசங்க என்னென்னமோ தடவறாங்க. இதுல எது பரவாயில்லை? (மெக்கானிக், மதுரை)

ஒண்ணும் பரவாயில்லைண்ணே. பெட்ரோல் தடவினா டயர் உப்பி மெத்துன்னு ஆன மாதிரி தெரியும், அது ஆவியானதும் ரப்பர்ல இருந்த எண்ணெய்ப் பசையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும், நாலு தடவைக்கப்புறம் டயர் வெடிச்சு வெடிச்சுக் கோடு விழும். தீ விபத்து வேற. மண்ணெண்ணெய் சீக்கிரம் காயாது, பிசுக்கு அப்படியே நிக்கும். பஞ்சர் சொல்யூஷன் காய்ஞ்சா ஒரு தோல் மாதிரி நின்னு, புழுதியைப் பிடிச்சு, அப்புறம் உரிஞ்சு வரும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கஷ்டம், இந்த வண்டிங்களோட மேல்கூடு பாலிகார்பனேட். பெட்ரோல், தின்னர் வகையறா தெறிச்சா அது நொறுங்கற பக்குவத்துக்கு வந்துடும், அடுத்த இடியில ரெண்டா பிளந்துக்கும். சாஸே ஆனாலும் டயரைக் கழட்டி வச்சுத் தடவறதுதான் நல்லது. அமெரிக்காவுல சில பேர் டபிள்யூடி-40ஐக் கூட டயருக்கு அடிக்கறாங்க, 1953ல சான் டியேகோவுல துரு பிடிக்காம இருக்கக் கண்டுபிடிச்ச சரக்கு அது. களிமண் டிராக்ல கொஞ்சம் இளக்குது, அவ்வளவுதான், நம்ம புழுதியில அதுவும் புழுதிக்கு சாப்பாடு.

கேள்வி: டயருக்குப் போடறதுக்குப் பதிலா டிராக்குக்கே உப்பு போடுவாங்களாமே? எங்க ஊர்ல உப்புக்குப் பஞ்சமே இல்லை, ரெண்டு மூட்டை அள்ளிப் போட்டுடவா? (வாசகர், தூத்துக்குடி)

உங்க ஊர் உப்பு வேற சார், அவங்க போடறது கால்சியம் குளோரைடு. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி தானே கரைஞ்சு மண்ணை ஈரமா வச்சிருக்கும், அதனால புழுதி கிளம்பாது. வெளிநாட்டுல மண் ரோட்டுக்கே இதைத்தான் தெளிக்கறாங்க. சாப்பாட்டு உப்புக்கு அந்த இழுவை ரொம்பக் கம்மி. அதோட கால்சியம் குளோரைடும் உப்புதானே, பேரிங், ஸ்க்ரூ, மோட்டார் எல்லாம் அரிச்சுடும், ஒவ்வொரு ரேஸுக்கு அப்புறமும் வண்டியை அக்கக்கா பிரிச்சுத் துடைக்கணும். உங்க ஊர்க் காத்துக்கே வண்டி துருப்பிடிக்கும், இது வேறயா?

சர்க்கரைத் தண்ணி தெளிக்கற பழக்கமும் உண்டு. கார் பார்க்கிங் தார்த் தரையில ஆர்சி ரேஸ் வைக்கறவங்க ரொம்ப காலமா பண்றாங்க, சில மண் டிராக்லயும் உண்டு. காய்ஞ்சதும் பிசுபிசுன்னு நல்லா பிடிக்கும். மழை வந்தா வழுக்கும், வரலைன்னா எறும்பு வரும்.

கேள்வி: அமெரிக்காவோட நாஸ்கார் கார் ரேஸ்ல டிராக் மேலயே ஏதோ பசை ஊத்தினாங்கன்னு படிச்சேன். அதுவும் இதுவும் ஒண்ணா? (வாசகர், சென்னை)

வேலை கிட்டத்தட்ட ஒண்ணு, இடம்தான் வேற. நேர்கோட்டுல சீறிப் பாயற டிராக் (drag) ரேஸ் பட்டையில ஊத்தற பிசின் வகையை 2016ல பிரிஸ்டல்ங்கற ஓவல் டிராக்ல உள்பக்க லேன்ல ஊத்தினாங்க, வண்டி எல்லாம் மேல் லேன்லயே ஓடறதை மாத்தி ரெண்டு லேன்லயும் போட்டி வரணும்னு. அப்புறம் பிஜே1ங்கற அதே வகைப் பிசின் பல டிராக்குக்குப் போச்சு. இதுல வேடிக்கை டெக்ஸாஸ்லதான். நாஸ்கார் வண்டிக்குப் பிடிப்பு தரணும்னு ஊத்தின அதே கறுப்புத் திட்டு, இண்டிகார்னு அங்க நடக்கற இன்னொரு ரேஸ் வண்டி டயருக்கு வழுக்குப் பாறை ஆயிடுச்சு, 2020, 2021ல அங்க இண்டிகார் டிரைவருங்க அந்த லேன் பக்கமே போகாம ஒரே வரிசையில ஓட்டினாங்க, முந்தவே வழியில்லை. ஒரு டயருக்கு மருந்தா இருக்கறது இன்னொரு டயருக்கு வேலை செய்யாதுங்கறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா, ஆர்சிலயும் ஒரு பிராண்ட் சாஸ் தடவின டயர் மேல இன்னொரு பிராண்டைத் தடவினா என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, கலக்காதீங்க.

கேள்வி: எனக்கென்னமோ இது ஏமாத்து வேலையாப் படுது. திறமையா ஓட்டறதுக்குப் பதிலா டயர்ல மருந்து தடவி ஜெயிக்கறதா? (ஆசிரியர், சேலம்)

விதிக்குள்ள இருந்தா ஏமாத்து இல்லை, விதி தடுத்திருந்தா ஏமாத்துதான் ஐயா. ஆர்சி ரேஸ்ல விதி இடத்துக்கு இடம் மாறுது, சில இடத்துல எது வேணா தடவலாம், சில இடத்துல வாசனை இல்லாதது மட்டும், சில இடத்துல எல்லாருக்கும் ஒரே பாட்டில், சில இடத்துல கூடவே கூடாது. பேர் குடுக்கறதுக்கு முன்னாடி விதியைப் படிக்கறது நம்ம பொறுப்பு.

பெரிய வண்டிங்க ஓடற மண் டிராக்லயும் கார்ட் ரேஸ்லயும் இது சீரியஸான விஷயம். அங்க டயர் மருந்தைத் தடை பண்ணின போட்டிங்கள்ல, ஜெயிச்ச வண்டி டயர்ல இருந்து ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பி, கம்பெனி குடுத்த ஒரிஜினல் ரப்பரோட ஒப்பிட்டுப் பாக்கறாங்க, வித்தியாசம் வந்தா ஜெயிச்ச ரேஸ் பறிபோகும், பரிசுப் பணம் போகும். ஆர்சி அளவுல மோந்து பாக்கறதோட நிறுத்திக்கறாங்க, மிஞ்சிப் போனா ரப்பர் எவ்வளவு மெத்துன்னு ஷோர் மீட்டர் வச்சு அளக்கலாம். ஆனா வெயில்ல வச்ச டயரும் நிழல்ல வச்ச டயரும் அதே மீட்டர்ல வேற வேற அளவு காட்டும், அதனால அதை மட்டும் வச்சு ஒருத்தரைக் குற்றம் சொல்றது நியாயமில்லைன்னுதான் எனக்குத் தோணுது.

எனக்கு உறுத்தறது வேற ஒண்ணு. சாஸ், டயரைச் சூடாக்கற வார்மர், ஒவ்வொரு ரேஸுக்கும் புது டயர்னு போக ஆரம்பிச்சா காசு இருக்கறவன் ஹாபியா ஆயிடும். எல்லாருக்கும் ஒரே டயர், சாஸ் கிடையாதுன்னு விதி வச்சு நடத்தற சின்ன கிளப்புலதான் புதுப் பசங்க நிலைச்சு நிக்கறாங்க.

கேள்வி: 1/8 நைட்ரோ பக்கி (பேட்டரிக்குப் பதிலா நைட்ரோ எரிபொருள்ல ஓடறது) வச்சிருக்கேன், எனக்கு சாஸ் தேவையா? (வாசகர், ஈரோடு)

தேவையே இல்லை. அந்த வண்டிங்க வெட்டவெளி மண்ணுல ஓடறது, உலகப் போட்டி ஃபைனல் ஒரு மணி நேரம் நடக்குது. சாஸோட வேலை முதல் சில நிமிஷத்துலயே தேய்ஞ்சு போயிடும். உங்க காசை ரெண்டு விதமான காம்பவுண்ட்ல டயர் வாங்கிப் போடுங்க, காலை குளிர்ச்சிக்கு சாஃப்ட், மத்தியான வெயிலுக்குக் கெட்டி. நம்ம சித்திரை வெயில்ல சாஃப்ட் டயர் போட்டா ரெண்டு டேங்க் எரிபொருளுக்குள்ள பின்னு காணாம போயிடும்.

கேள்வி: டிராக் போட எங்க தோட்டத்துல இடம் இருக்கு, மண்ணு கரிசல். தண்ணி விட்டா கொழகொழன்னு ஆகுது, காய்ஞ்சா கை நுழையற அளவு வெடிக்குது. என்ன பண்ணலாம்? (விவசாயி, விருதுநகர் மாவட்டம்)

இதுதான் இந்த வாரத்துல எனக்குப் பிடிச்ச கேள்வி. கரிசல்ல இருக்கற களி தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும், அதான் வெடிப்பு. தனியா அதுல டிராக் போட முடியாது, அதே சமயம் வெறும் செம்மண் சரளையைவிட உங்ககிட்ட இருக்கறது பெரிய சொத்து, மண்ணைப் பிடிச்சு நிறுத்தறதே களிதான். அதை மணலோடயும் செம்மண்ணோடயும் கலக்கணும்.

எவ்வளவுன்னு கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மண்ணைச் சலிச்சு பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி நிரப்பி, நல்லாக் குலுக்கி வச்சிடுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடியில உக்காறது மணல், அதுக்கப்புறம் சில மணி நேரத்துல உக்காறது வண்டல், அடுத்த நாளும் தண்ணி கலங்கலா இருந்து மேல மெதுவா படியறது களி. கரிசல்ல அந்த மேல் அடுக்கு பெருசா இருக்கும். மணல், செம்மண் சேத்துச் சேத்துக் கலந்து, ஒவ்வொரு கலவையிலயும் ஒரு தட்டு அளவு அடிச்சு வெயில்ல காய வச்சுப் பாருங்க. வெடிக்காம, தேய்ச்சாப் பவுடரும் வராம எது நிக்குதோ அதுதான் உங்க கலவை. அடுத்த தோட்டத்துக்காரர் கலவை உங்களுக்கு ஒத்து வராது, மண்ணு மாறும்.

கலந்ததை லேசா நனைச்சு, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உடையணும், அந்த ஈரத்துல பரப்பி உருளை போட்டு அழுத்துங்க. ஒரே தடவையில அரையடி கொட்டி அழுத்தினா மேல மட்டும்தான் இறுகும், ரெண்டு மூணு அடுக்கா போடுங்க. ஓட்டறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்லா நனைச்சு விடுங்க, மறுநாள் ரேஸுக்கு முன்னாடி பூச்சிமருந்து அடிக்கற ஸ்ப்ரேயர்ல மெல்லிசாத் தூவினா போதும். மருந்து அடிச்ச டேங்கைக் கழுவிட்டுத்தான். தார்ப்பாய் இருந்தா ராத்திரி மூடி வைங்க, ஈரம் நிக்கும்.

வண்டிங்க தொடர்ந்து ஓடினா ஒரு நாள் உங்க தோட்டத்துலயும் அந்தக் கருநீல லைன் விழும். அப்ப எழுதுங்க, எந்த சாஸ்னு பேசலாம்.

கேள்வி: சாஸ் தடவி ஓட்டினதுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வந்துடுச்சு. டயரைத் தூக்கிப் போடவா? (வாசகர், புதுச்சேரி)

தூக்கிப் போட வேண்டாம். சாஸ் ஓரத்துல வழிஞ்சு பசையை இளக்கிடுச்சு, அடிக்கடி நடக்கறதுதான். விட்டுப்போன இடத்துல பழைய பசையைச் சுரண்டி எடுத்துட்டு, ரப்பர் ஓரத்தையும் ரிம் பள்ளத்தையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால துடைச்சுக் காய வைங்க. ஓரத்தை விரலால லேசா விலக்கி, மெல்லிசா ஓடற சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடிங்க, அப்படியே சுத்தி வாங்க. ரெண்டு பக்கமும் பாருங்க, உள்பக்கத்தை யாரும் பாக்கறதில்லை, கழண்டு வர்றது பெரும்பாலும் அங்கதான். காய்ஞ்சதும் கட்டை விரலால ஓரத்தை வலிச்சுப் பாத்துட்டு வண்டியில மாட்டுங்க, அடுத்த தடவை பிரஷ்ஷை டயர் பக்கவாட்டுல கொண்டு போகாதீங்க.